தருமபுரி, கிருஷ்ணகிரியில் பார்மசிஸ்ட் சம்பளம்: கையில் என்ன நிற்கும்?

டி.பார்ம் (மருந்தியல் டிப்ளமோ), பி.பார்ம் (மருந்தியல் பட்டம்) முடித்துவிட்டு இந்த இரண்டு மாவட்டங்களில் வேலை தேடுகிறவர்களும் அவர்களுடைய வீட்டாரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். தனியார் சம்பளம், வாடகை பற்றிய தொகைகள் எல்லாம் ஊரில் பேசப்படும் சுமாரான அளவுகள். கடைக்குக் கடை ஆயிரம் இரண்டாயிரம் முன்னே பின்னே இருக்கும். அரசு சம்பளமும் சட்ட விதிகளும் மட்டும் அப்படியே உள்ளவை.

தருமபுரியில் ஒரு மெடிக்கலில் புதிதாகச் சேர்ந்தால் எவ்வளவு தருவார்கள்?

புதிதாக டி.பார்ம் முடித்தவருக்குப் பத்தாயிரத்தில் பேச்சைத் தொடங்குவார்கள். பன்னிரண்டு, பதின்மூன்றில் முடியும். நாலைந்து வருடம் அனுபவம் இருந்து, டாக்டர் கையெழுத்தைத் தடுமாறாமல் படித்து, ஆர்டர் போட்டு, ஸ்டாக்கும் பார்க்கத் தெரிந்தவர் என்றால் பதினைந்திலிருந்து பதினெட்டு வரை கிடைக்கும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையைச் சுற்றியுள்ள கடைகளில் கூட்டம் அதிகம், நேரமும் அதிகம், அதனால் சம்பளமும் கொஞ்சம் கூட. அரூர், பாலக்கோடு, பென்னாகரம், பாப்பிரெட்டிப்பட்டி பக்கம் போனால் ஆயிரம் இரண்டாயிரம் குறையும்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். "பன்னிரண்டாயிரம்" என்று சொல்கிறவர் எத்தனை மணி நேரத்துக்கு என்று தானாகச் சொல்லமாட்டார். காலை ஒன்பதுக்குத் திறந்து இரவு பத்துக்கு மூடும் கடையில், மதியம் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு வரும் நேரம் போகப் பதினோரு மணி நேர வேலை. அதே பன்னிரண்டாயிரம் எட்டு மணி நேர ஷிப்டுக்கு என்றால் அது நல்ல சம்பளம்.

கிருஷ்ணகிரி, ஓசூரில் நிலைமை எப்படி?

கிருஷ்ணகிரி டவுன் ஏறக்குறைய தருமபுரி மாதிரிதான். ஓசூர் கதை வேறு. அங்கே பதினைந்தாயிரத்துக்குக் குறைந்து ஆள் கிடைப்பது கஷ்டம். அனுபவம் உள்ளவர்களுக்கு இருபது, இருபத்திரண்டு வரை போகிறது. சிப்காட் தொழிற்சாலைகள், சூளகிரி பக்கம் வந்த எலக்ட்ரானிக்ஸ் நிறுவனங்கள், நாற்பது கிலோமீட்டரில் பெங்களூரு என்று எல்லாமாகச் சேர்ந்து ஆட்களை இழுக்கின்றன. அதனால் கடைக்காரரும் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

ஓசூரில் இன்னொரு விஷயமும் விலை போகும்: மொழி. பாகலூர் ரோட்டிலோ தேன்கனிக்கோட்டையிலோ கவுண்டரில் நின்றால் ஒரே மணி நேரத்தில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் காதில் விழும். வடமாநிலத் தொழிலாளர்கள் வந்தால் இந்தியும் வேண்டும். "சாப்பிடுவதற்கு முன்னா, பின்னா" என்பதை நான்கு மொழியில் சொல்லத் தெரிந்த பார்மசிஸ்ட்டை முதலாளி லேசில் விடமாட்டார். சம்பளம் பேசும்போது அதைச் சொல்லிக் கேளுங்கள்.

படித்த படிப்புக்கு இது ரொம்பக் கம்மியாக இருக்கிறதே, ஏன்?

இரண்டு காரணம். ஒன்று கடையின் கணக்கு. இன்னொன்று அடுத்த கேள்வியில் வருகிறது, எனக்கு அதுதான் பெரிய காரணமாகத் தெரிகிறது.

முதலில் கடையின் கணக்கு. விலைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள மருந்துகளுக்கு 2013-ஆம் ஆண்டு மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி சில்லறைக் கடைக்கு 16 சதவீத லாபம் கணக்கிடுகிறார்கள். அதாவது கடைக்காரர் நூறு ரூபாய்க்கு வாங்கியதை 116 வரை விற்கலாம், ஜிஎஸ்டி தனி. விற்ற பணத்தில் பார்த்தால் அது பதினான்கு சதவீதம்கூட வராது. பட்டியலில் இல்லாத மருந்துகளுக்கு விற்பனை விலையில் இருபது சதவீதம் என்பது வழக்கம். இரண்டும் கலந்து பதினேழு என்று வைத்துக்கொள்வோம்.

ஒரு உதாரணத்துக்கு, ஒரு நாளைக்குப் பத்தாயிரம் ரூபாய் வியாபாரம் ஆகும் கடை. மாதம் மூன்று லட்சம். கையில் வரும் லாபம் 51,000. இதில் கடை வாடகை 8,000, ஃப்ரிட்ஜ் இரவும் பகலும் ஓடுவதால் கரண்ட் 3,500, பார்மசிஸ்ட் 13,000, உதவிக்கு ஒரு பையன் 9,000. பில்லிங் சாப்ட்வேர், கவர், தேதி முடிந்து திரும்பாத சரக்கு என்று இன்னொரு 3,000. மிச்சம் 14,500. முதலாளிக்கும் ஏறக்குறைய பார்மசிஸ்ட் சம்பளம்தான்.

இப்போது எதிர்க்கடையில் "எல்லா மருந்துக்கும் 10% தள்ளுபடி" என்று பிளக்ஸ் வைத்தால்? நம் கடையும் பாதி வியாபாரத்துக்காவது தள்ளுபடி கொடுத்தாக வேண்டும். அதில் 15,000 போய்விடும். அந்த மாதம் முதலாளிக்கு ஒன்றும் இல்லை. இந்தத் தள்ளுபடிப் போட்டி கடைசியில் வந்து இறங்குவது கவுண்டரில் நிற்பவர் சம்பளத்தில்தான். சில கடைகளில் லாபம் அதிகம் உள்ள, பெயர் தெரியாத ஜெனரிக் அட்டைகளைத் தள்ளச் சொல்வதும் இதனால்தான். 2025 செப்டம்பர் 22 முதல் பெரும்பாலான மருந்துகளுக்கு ஜிஎஸ்டி 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. வாங்குகிறவருக்கு நல்லது, கடைக்காரரின் லாப சதவீதம் அதனால் கூடவில்லை.

கடைக்கு வரவே வேண்டாம், சர்டிபிகேட் மட்டும் கொடுங்கள், மாதாமாதம் பணம் தருகிறோம் என்கிறார்கள். கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். இந்தப் பக்கம் நாலாயிரம், ஐந்தாயிரம் என்று பேசுவார்கள். வேறு வேலைக்குப் போய்க்கொண்டே வரும் சும்மா காசு என்று தோன்றும். பிள்ளை படித்த செலவாவது கொஞ்சம் திரும்பட்டும் என்று பெற்றோரே வாங்கிக் கொடுப்பதும் நடக்கிறது.

சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. 1948-ஆம் ஆண்டு பார்மசி சட்டத்தின் 42-ஆவது பிரிவுப்படி, டாக்டர் சீட்டுக்கு மருந்து எடுத்துக் கொடுப்பவர் பதிவுபெற்ற பார்மசிஸ்ட்டாக இருக்க வேண்டும். 1945-ஆம் ஆண்டு மருந்து விதிகளிலும் அவர் நேரில் இருந்து மேற்பார்க்க வேண்டும் என்றே இருக்கிறது. சுவரில் உங்கள் போட்டோவும் பதிவு எண்ணும் தொங்கும். உள்ளே பத்தாவது படித்த பையன் மாத்திரை எடுத்துக் கொடுப்பான். மருந்து ஆய்வாளர் வந்து, நீங்கள் இல்லை என்றால் கடையின் லைசென்ஸ் நிறுத்தப்படலாம், ரத்தாகலாம். மாநில பார்மசி கவுன்சில் உங்கள் பெயரைப் பதிவேட்டிலிருந்தே நீக்கலாம். மாத்திரை மாறி ஒருவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் போலீஸ் முதலில் தேடும் பெயர் உங்களுடையது. ஐந்தாயிரத்துக்கு யாராவது இதைத் தலையில் ஏற்றிக்கொள்வார்களா?

சம்பளத்தோடு இதற்கு என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். சர்டிபிகேட் ஐந்தாயிரத்துக்கு, கூட ஒரு பையன் எட்டாயிரத்துக்கு என்று முதலாளி முடித்துக்கொண்டால் அவருக்குச் செலவு பதின்மூன்றாயிரம். முழு நேரம் நின்று வேலை பார்க்கும் பார்மசிஸ்ட் பதினெட்டு கேட்டால், "எனக்கு எதுக்குப்பா?" என்றுதான் சொல்வார். ஒரு ஊரில் எத்தனை சர்டிபிகேட் வாடகைக்குத் தொங்குகிறதோ அந்த அளவுக்கு அங்கே சம்பளம் ஏறாது. நம் தொழிலின் கூலியை வெட்டுவதில் எதிர்க்கடைத் தள்ளுபடியைவிட நம் ஆட்களின் பங்குதான் அதிகம் என்பது என் எண்ணம்.

இன்னொரு நடைமுறைச் சிக்கலும் உண்டு. ஒருவர் பெயர் ஒரு கடையின் லைசென்ஸில்தான் இருக்க முடியும். வாடகைக்குக் கொடுத்த இடத்தில் பெயர் மாட்டிக்கொண்டிருந்தால், நாளைக்கு நல்ல வேலை கிடைக்கும்போது அங்கே சேர்க்க முடியாது.

டி.பார்ம், பி.பார்ம், பார்ம்.டி. எதற்குச் சம்பளம் அதிகம்?

கடைக் கவுண்டரில் மூன்றுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. லைசென்ஸுக்கு டி.பார்ம் போதும், முதலாளிக்கும் அது போதும். இரண்டு வருடத்தில் டி.பார்ம் முடித்தவரும் ஆறு வருடம் பார்ம்.டி படித்தவரும் பக்கத்துப் பக்கத்துக் கடையில் ஒரே சம்பளத்துக்கு நிற்பதைப் பார்க்கலாம். மருந்து கம்பெனி, தரக் கட்டுப்பாடு, மருந்து ஆய்வாளர் தேர்வு, வெளிநாடு என்று போகும் எண்ணம் இருந்தால் பட்டம் வேண்டும். ஊரில் மெடிக்கல் வைப்பதுதான் குறிக்கோள் என்றால் டி.பார்முக்கு மேல் லட்சங்களைக் கொட்டுவது வீண்.

டி.பார்ம் சேருகிறவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள். 2022-இல் வந்த விதிப்படி, புதிய பாடத்திட்டத்தில் படித்தவர்கள் பதிவு செய்வதற்கு முன் தனியாக ஒரு வெளியேறும் தேர்வும் எழுதித் தேற வேண்டும். கல்லூரியில் சேரும்போது பலர் இதைச் சொல்வதில்லை.

அரசு மருந்தாளுநர் வேலைக்கு எவ்வளவு?

எல்லோரும் காத்திருப்பது இதற்குத்தான், காரணம் கணக்கைப் பார்த்தாலே தெரியும். மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம், அதாவது எம்ஆர்பி, நடத்தும் மருந்தாளுநர் பணிக்கு ஊதிய நிலை 11: ரூ.35,400 முதல் 1,30,400 வரை. தொடக்கத்தில் அடிப்படை ஊதியம் 35,400. 2025 ஜூலை முதலான 58 சதவீத அகவிலைப்படியைச் சேர்த்தால் 20,532 கூடும். இரண்டும் 55,932. இதற்கு மேல் ஊருக்கு ஏற்ற வீட்டு வாடகைப்படி. ஓய்வூதியப் பங்களிப்பாகப் பத்து சதவீதம், அதாவது ஐயாயிரத்து அறுநூறு ரூபாய் அளவுக்குப் பிடிப்பு போகும். காப்பீடு போன்ற சில்லறைப் பிடித்தங்களும் உண்டு. எல்லாம் போக ஐம்பதாயிரத்தை ஒட்டிக் கையில் நிற்கும். வருடத்துக்குச் சுமார் மூன்று சதவீத உயர்வு, அகவிலைப்படி உயர்வு வேறு.

பக்கத்துத் தெரு மெடிக்கலில் பதின்மூன்றாயிரம். அதே படிப்பு, அதே மருந்து. ஏன் சில நூறு இடங்களுக்கு இத்தனை பேர் மோதுகிறார்கள் என்று இனி யாரும் கேட்க வேண்டாம்.

ஆனால் இடங்கள் குறைவு. 2022-இல் 889 இடங்களுக்கும் 2025-இல் 425 இடங்களுக்கும் அறிவிப்பு வந்தது. அது மாநிலம் முழுவதற்கும். நடுவில் வருடக்கணக்காக இடைவெளி விழுகிறது. தேர்வில் தமிழ்த் தகுதித் தாளும் உண்டு, அதில் தேறினால்தான் மற்றது எண்ணப்படும். அதனால் அரசு வேலை வரும்வரை எங்கும் போகமாட்டேன் என்று வீட்டில் உட்காருவது சரியான யோசனை இல்லை. கடையில் நின்றுகொண்டே படியுங்கள். மருந்து வகை, அளவு, பக்கவிளைவு என்று கேள்வியில் வருவது எல்லாம் தினமும் கையில் புழங்கும் சரக்குதான்.

மாவட்ட நலவாழ்வுச் சங்கத்தில் ஒப்பந்த வேலை வருகிறதே?

அது தொகுப்பூதியம். மருந்தாளுநருக்குப் பதினைந்தாயிரம் என்ற அளவில்தான் அறிவிப்புகள் வருகின்றன. பணி நிரந்தரம் கிடையாது என்று எழுதியே வாங்கிக்கொள்வார்கள். ஆனால் ஞாயிறு விடுமுறை, பகல் நேர வேலை, ஆரம்ப சுகாதார நிலைய அனுபவம். கடையில் பதினோரு மணி நேரத்துக்குப் பதின்மூன்று வாங்குவதோடு ஒப்பிட்டால் இது மோசமில்லை. படிக்க நேரமும் கிடைக்கும். சித்தேரி, அஞ்செட்டி மாதிரி மலையோரத்தில் போட்டால் மட்டும் பஸ் நேரத்தை விசாரித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

ஓசூரில் 20,000, பாலக்கோட்டில் 14,000. எது லாபம்?

எதையும் மறைக்காமல் ஒரு மாதக் கணக்கு போட்டுப் பார்ப்போம். கணவன், மனைவி, பள்ளிக்குப் போகாத ஒரு குழந்தை.

ஓசூரில் ஒற்றைப் படுக்கையறை வீடு 8,500. தண்ணீர், பராமரிப்பு 500. கரண்ட் 1,000. இங்கே ஒரு தந்திரம் உண்டு. மின்வாரியம் வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமாகத் தந்தாலும், உள் மீட்டர் வைத்திருக்கும் வீட்டுக்காரர் யூனிட்டுக்கு எட்டு, பத்து என்று வாங்குவார். மளிகை, பால், காய், கேஸ் 7,500. வண்டிக்குப் பெட்ரோல் 1,200. போன் 600. மொத்தம் 19,300. மிச்சம் 700 ரூபாய். குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் அதுவும் இல்லை.

பாலக்கோட்டில் வாடகை 4,000, கரண்ட் 500, சாப்பாட்டுச் செலவு 6,000 (ராயக்கோட்டை, பாலக்கோடு மார்க்கெட்டில் தக்காளியும் காயும் விளைந்த விலைக்கே கிடைக்கும்), பெட்ரோல் 800, போன் 600. மொத்தம் 11,900. மிச்சம் 2,100. சொந்த ஊரில் அப்பா வீட்டிலேயே இருந்தால் வாடகையும் மிச்சம், 6,100 நிற்கும். அரிசி அட்டைக்கு ரேஷன் அரிசி இலவசம் என்பதால் சாப்பாட்டுச் செலவில் இன்னும் கொஞ்சம் குறையும்.

ஆக, ஒருவர் சம்பளத்தில் குடும்பம் நடத்துகிறவருக்கு ஓசூரின் கூடுதல் ஆறாயிரத்தில் பெரும்பகுதியை வீட்டுக்காரரே வாங்கிக்கொள்கிறார். அட்வான்ஸாக ஐம்பதாயிரமும் அதற்கு மேலும் கேட்பது தனிக் கதை. அந்தப் பணத்தை வட்டிக்கு வாங்கினால் மாதாமாதம் அதுவும் போகும்.

ஓசூர் லாபமாவது இரண்டு பேருக்கு. தனி ஆள், ரூமில் மூன்று பேரோடு பங்கு போட்டுத் தங்குகிறார் என்றால் வாடகை மூவாயிரத்துக்குள் அடங்கும். மெஸ் சாப்பாட்டோடு சேர்த்தாலும் ஒன்பது, பத்தாயிரம் வீட்டுக்கு அனுப்பலாம். அடுத்தது, மனைவிக்கும் அங்கே வேலை இருக்கும் குடும்பம். ஓசூர், சூளகிரி பக்கத் தொழிற்சாலைகளில் பெண்களுக்கு வேலை கிடைக்கிறது. அந்த இரண்டாவது சம்பளம்தான் ஓசூரில் மிச்சமாகும் பணம். பார்மசிஸ்ட் சம்பளம் வீட்டை ஓட்டும், அவ்வளவுதான்.

ஓசூரில் தங்கி பெங்களூருக்கு வேலைக்குப் போய்வரலாமா?

பலர் போகிறார்கள். எலக்ட்ரானிக் சிட்டி, பொம்மசந்திரா பக்க மருத்துவமனைகளில் இருபத்தைந்து வரை பேசலாம். 2025 ஆகஸ்டில் பொம்மசந்திரா வரை மெட்ரோ வந்தபிறகு நகருக்குள் போவதும் சுலபமாயிற்று. அத்திப்பள்ளி வரை நெரிசலைத் தாண்டுவதுதான் தலைவலி. ஆனால் கர்நாடகத்தில் பார்மசிஸ்ட்டாக வேலை பார்க்கப் பதிவைக் கர்நாடக மாநில பார்மசி கவுன்சிலுக்கு மாற்ற வேண்டும். மாற்றிவிட்டால் தமிழ்நாட்டில் கடை லைசென்ஸில் பெயர் சேர்க்க மறுபடி இங்கே மாற்ற வேண்டும். ஒரு வருடம் போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்கிறவர்களுக்கு அந்த அலைச்சல் கட்டாது.

பிஎஃப், இஎஸ்ஐ, விடுமுறை எல்லாம் உண்டா?

பெரிய சங்கிலிக் கடைகளிலும் மருத்துவமனைகளிலும் உண்டு. தனிக் கடைகளில் பெரும்பாலும் இல்லை, ஏனென்றால் பிஎஃப் கட்டாயமாவது 20 பேர் வேலை பார்க்கும் இடத்தில், இஎஸ்ஐ 10 பேர் உள்ள இடத்தில், அதுவும் சம்பளம் 21,000 வரை. மூன்று பேர் உள்ள மெடிக்கலுக்கு இரண்டும் பொருந்தாது. அதனால் சம்பளத்தை ஒப்பிடும்போது இதையும் சேர்த்துப் பாருங்கள். மருத்துவமனையில் 14,000 என்பது, முதலாளி கட்டும் 12 சதவீத பிஎஃப் பங்கையும் இஎஸ்ஐ அட்டையில் கிடைக்கும் வைத்தியத்தையும் சேர்த்தால், கடையின் 16,000-க்குக் குறைந்ததல்ல.

நேரத்துக்குத் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் இருக்கிறது. நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம், வாரம் ஒரு நாள் விடுமுறை, மேல் நேரத்துக்கு இரட்டைக் கூலி. இதைக் காட்டி ஒரு மெடிக்கல் முதலாளியிடம் இரட்டைக் கூலி வாங்கியவரை நான் பார்த்ததில்லை. ஆனாலும் சம்பளம் பேசும்போது தெரிந்து வைத்திருப்பது நல்லது. ஞாயிறு மதியத்துக்கு மேல் விடுமுறை என்பதை வாரம் முழு நாளாக மாற்றிக் கேட்கவாவது உதவும்.

2021-இல் இந்தச் சட்டத்தில் செய்த திருத்தப்படி கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும். சிரிக்காதீர்கள். மாலை ஆறரை மணிக்கு டாக்டர் கிளினிக் திறந்ததும் ஒரு கூட்டம் வரும். ஒருவருக்குச் சீட்டில் உள்ள ஐந்து மருந்தையும் எடுத்து, "மூணு நாளைக்கு மட்டும் கொடுங்க" என்றதும் அட்டையைக் கத்தரித்து, காலாவதி தேதி தெரியும் பக்கம் கடையில் நிற்கும்படி பார்த்து, காலை மாலை என்று கவர் மேல் எழுதி, நடுவில் வலுவான ஆன்டிபயாடிக் வந்தால் அதற்கான பதிவேட்டில் டாக்டர் பெயர், நோயாளி பெயர், முகவரி, அளவு எல்லாம் குறித்து, அடுத்த ஆளைப் பார்க்க வேண்டும். ஒன்பது மணி வரை உட்கார நேரமே கிடையாது. பத்து வருடம் இப்படி நின்றவர்களின் காலில் நரம்பு சுருண்டு புடைத்திருப்பதைப் பார்க்கலாம். சம்பளத்தோடு ஒரு ஸ்டூலையும் கேட்டு வாங்குங்கள்.

பெண்களுக்கு இந்த வேலை ஒத்துவருமா?

வரும், நிறையப் பேர் இருக்கிறார்கள். பகல் ஷிப்ட் கிடைக்கும் கடையாகப் பாருங்கள். 2021 மே முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பதால், நல்லம்பள்ளியிலிருந்தோ காரிமங்கலத்திலிருந்தோ தருமபுரி வந்து போகிறவர்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாயாவது மிச்சம். சிக்கல் இரவில்தான். ஒன்பதரைக்குக் கடை மூடினால் கிராமத்துக்குக் கடைசி டவுன் பஸ் போயிருக்கும். எட்டு மணிக்கு விட்டுவிட வேண்டும் என்று சேரும்போதே பேசிவிடுங்கள்.

சொந்தமாக மெடிக்கல் வைத்தால் பிழைக்கலாமா?

மேலே போட்ட கணக்கில் முதலாளியும் பார்மசிஸ்ட்டும் ஒரே ஆளாக இருந்தால் 14,500-ம் 13,000-மும் ஒரே பையில் விழும், மாதம் 27,500. பார்மசிஸ்ட்டே முதலாளியாக இருக்கும் கடைதான் இந்த ஊர்களில் நின்று பிழைக்கிறது.

சில்லறைக் கடைக்குக் குறைந்தது 10 சதுர மீட்டர் இடம் வேண்டும், அதோடு ஃப்ரிட்ஜ். லைசென்ஸ் கட்டணம் பெரிய தொகை இல்லை. பணம் முடங்குவது சரக்கில்தான். ஓரளவு வகை வைக்கவே ஐந்து லட்சம் ஓடிவிடும். அரசின் முதல்வர் மருந்தகம் திட்டம் 2025 பிப்ரவரி 24-இல் ஆயிரம் கடைகளோடு தொடங்கியது. அதில் டி.பார்ம், பி.பார்ம் படித்த தொழில்முனைவோருக்கு மூன்று லட்சம் மானியம், பாதி பணமாகவும் பாதி மருந்தாகவும். வெளியே விற்பதைவிட மலிவான ஜெனரிக் மருந்துகள் என்பதால் சுகர், பிரஷர் மாத்திரை மாதாமாதம் வாங்குகிறவர்கள் தேடி வருவார்கள். ஆனால் டாக்டர் எழுதும் கம்பெனிப் பெயரையே கேட்டு அடம்பிடிப்பவர்களுக்குப் புரியவைக்கும் பொறுமை வேண்டும்.

இடம் பார்க்கும்போது டாக்டரைப் பார்த்து வையுங்கள், தெருவைப் பார்த்து அல்ல. கிளினிக் இல்லாத மெயின் ரோட்டைவிட, கூட்டம் வரும் கிளினிக் உள்ள சந்து மேல். அதே சமயம் ஒரே டாக்டரை நம்பி வைத்து, அவர் கட்டடம் மாறியதும் கடையைக் காலி செய்தவர்களும் உண்டு.

மக்களைத் தேடி மருத்துவமும் ஆன்லைனும் வந்து கடை வேலை குறைந்துவிடாதா?

மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5-இல் நம் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. சுகர், பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருவதால் கிராமத்துக் கடைகளில் அந்த வியாபாரம் கொஞ்சம் இறங்கியது உண்மை. காய்ச்சல், வாந்தி, இரவு எட்டு மணிக்குக் குழந்தைக்கு சிரப் என்று வரும் கூட்டம் அப்படியேதான் இருக்கிறது. ஆன்லைன் ஓசூர் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் தெரிகிறது. அரூரில் இன்னும் பெரிதாகத் தெரியவில்லை.

ஒரு கடையை விட்டு விலகும்போது என்ன செய்ய வேண்டும்?

பலர் கோட்டை விடுவது இங்கேதான். சம்பளத் தகராறில் "நாளையிலிருந்து வரமாட்டேன்" என்று கிளம்பிவிடுவார்கள். லைசென்ஸில் பெயர் அப்படியே இருக்கும். அங்கே நடப்பதற்கெல்லாம் காகிதத்தில் நீங்கள்தான் பொறுப்பு. விலகும் தேதியைக் குறிப்பிட்டுக் கடிதம் எழுதி முதலாளியிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். அதன் நகலோடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கும் தெரிவித்து, பெயர் நீக்கியதை உறுதி செய்துகொள்ளுங்கள். முதலாளி கையெழுத்துப் போட மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதையும் ஒப்புகை அட்டையையும் பத்திரமாக வையுங்கள். அசல் சர்டிபிகேட்டை எந்தக் கடையிலும் ஒப்படைக்காதீர்கள். சுவரில் மாட்ட நகல் போதும். அனுபவச் சான்றைச் சம்பளக் கணக்கு முடிக்கும் அன்றே கேட்டு வாங்குங்கள், அப்புறம் கேட்டால் "அடுத்த வாரம் வாப்பா" என்று இழுத்தடிப்பார்கள்.